படியில் விழுந்து முறிந்த கை

போன மாதம் எங்கள் வட்சப் குழுவில் ஒருவர் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டார். பழைய லண்டன் பார்க் ஒன்று. கொங்கிரீட் தரை. நடுவில் உயர்ந்த இரும்புக் கம்பம். அதன் உச்சியில் மாட்டித் தொங்கும் கூம்பு வடிவ இரும்புக் கூடு. கூட்டின் அடியில் வட்டமாக ஒரு பலகை, பலகை நிறையப் பிள்ளைகள். கீழே எழுதியிருந்தது: "விழுந்தோம், எழும்பினோம், ஒருவரும் வழக்குப் போடவில்லை."

அடுத்த அரை மணித்தியாலத்தில் குழுவிலுள்ள நீங்கள் எல்லாரும் வரிசையாக வந்து உங்கள் எலும்புகளைக் காட்டினீர்கள். ஒருவருக்குச் சறுக்கியில் மணிக்கட்டு. ஒருவருக்கு ஊஞ்சலில் முன்பல் இரண்டு. இன்னொருவருக்குக் காறை எலும்பு. மழை வருமுன் அது சொல்லிவிடுமாம், வானிலை அறிக்கையே தேவையில்லையாம். "இப்பத்தையப் பிள்ளையளுக்குக் கீழ ரப்பர் விரிச்சிருக்கு, பஞ்சுக்குள்ள வளருதுகள்" என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள்.

என்னுடைய கட்டைவிரல் அதில் இல்லை. எனக்கும் ஒரு முறிவு உண்டு. இடது முன்கையில், இரண்டு எலும்பும். படத்தில் இருக்கும் அதே சாமானில்தான் முறிந்தது. உங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. கலியாணமாகி மூன்றாம் கிழமை என் கணவர் அந்த மேட்டைத் தடவிப் பார்த்து என்னவென்று கேட்டார். படியில் விழுந்தது என்றேன். போய்ச் சேரும்வரை அவர் அப்படித்தான் நம்பினார்.

போன சனிக்கிழமை ஒருத்தி இதை எழுதித் தரும்படி கேட்டாள். அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். வேலை செய்த காலத்திலும் என் அறிக்கைகள் நீளம் என்றுதான் மேலதிகாரிகள் குறைப்பட்டார்கள்.

என்ன வேலை என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் ஒரு நகரக் கவுன்சிலின் இழப்பீட்டுப் பிரிவு. நடைபாதைக் கல்லில் தடக்கியவர்கள், ஊஞ்சல் சங்கிலி அறுந்து விழுந்த பிள்ளைகளின் தாய்மார், எல்லாருடைய கடிதமும் என் மேசைக்குத்தான் வரும். விழுந்து எழும்பியதாகச் சொல்கிறவர்கள் எழும்பியவர்கள். மற்றவர்கள் வட்சப் குழுக்களில் இருப்பதில்லை.

அப்போது லண்டன் டூட்டிங்கில், பஸ் போகிற தெருவிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒடுங்கிய ஒரு வீடு. மேலே இரண்டு அறையில் நாங்கள். அப்பா ஊரில் ஆங்கில ஆசிரியர்; இங்கே தபால் பிரிக்கும் வேலையும், மாலையில் ஏதோ ஒரு பரீட்சைக்குப் படிப்பும். கீழே மலேசியாவிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு மனிதர் மின்சாரப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. நாங்கள் அவளைச் சின்னவள் என்று கூப்பிட்டோம். எனக்கு ஒன்பது.

படிக்கட்டு இரண்டு வீட்டுக்கும் பொது. பதின்மூன்று படி, பழுப்பு நிற லினோலியம் ஒட்டியது. கீழ்வீட்டம்மா சனிக்கிழமைதோறும் முழங்காலில் நின்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு படிக்கும் மெழுகு பூசித் துடைப்பார். எங்கள் பக்கப் படிகளையும் சேர்த்துத்தான். அம்மா ஒருநாளும் துணி எடுத்ததில்லை. அந்த மெழுகின் மணம் எங்கள் அறைவரை வரும். இந்த நாட்டில் எனக்கு முதலில் பிடித்த மணம் அதுதான்.

அந்தக் கோடை விடுமுறையில் தெருமுனைவரை போக எங்களுக்கு அனுமதி இருந்தது. பார்க் தெருமுனைக்கு அப்பால் இருந்தது. நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்குக்குப் போனோம்.

படத்தில் இருக்கும் சாமானைப் பிள்ளைகள் சூனியக்காரியின் தொப்பி என்றார்கள். நாங்கள் தொப்பி என்றோம். அது சுற்றும், சுற்றும்போதே ஆடும். பெரிய பொடியன்கள் ஒரு பக்கமாகத் தள்ளினால் அந்தப் பக்கப் பலகை உள்ளே போய்க் கம்பத்தில் இடிக்கும். இடிக்கிற உயரத்தில் கம்பத்தைச் சுற்றித் தடிப்பான கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. முந்தின கோடையில் இடித்தால் 'துப்' என்று கேட்கும். இந்தக் கோடையில் வளையம் இல்லை. ஆணி இருந்த நாலு துளைகளும், அவற்றிலிருந்து கண்ணீர் மாதிரி வடிந்த துருவும்தான் மிச்சம். இப்போது இடித்தால் 'டொங்'. பார்க் முழுக்கக் கேட்கும். எங்களுக்கு டொங்தான் பிடித்தது.

பார்க்குக்கு ஒரு காவலாளி. பழுப்பு யூனிபோர்ம், தொப்பி, கழுத்தில் விசில். அவருடைய மரக்கொட்டில் மண்ணெண்ணெயும் தோடம்பழத் தோலுமாக மணக்கும். உள்ளே ஆணியில் கட்டித் தொங்கும் ஒரு நீளப் புத்தகம் இருந்தது. எவராவது முழங்காலை உரசிக்கொண்டு போனால் அயடின் பூசிவிட்டு, அதில் பெயர், நேரம், இடம், சாமான் எல்லாம் பென்சிலால் எழுதுவார். எழுத்துக்கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

அன்று நான் பலகையில் கம்பத்தைப் பார்த்தபடி இருந்தேன். இடது கையைக் கூட்டின் கம்பிக்குள்ளால் விட்டுச் சுற்றிப் பிடித்திருந்தேன். பக்கத்தில் சின்னவள். பின்னால் பெரிய பொடியன்கள் நாலைந்து பேர் ஓடி ஓடித் தள்ளினார்கள். பலகை உள்ளே போயிற்று. டொங் கேட்கவில்லை. நடுவில் என் கை இருந்தது.

நோவு உடனே வரவில்லை. கை சாதாரணமாக வளையாத இடத்தில் வளைந்திருப்பதைத்தான் முதலில் கண்டேன். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். நான் அவருக்குப் பயந்து வேலி இடைவெளியால் வெளியே ஓடினேன், முறிந்த கையை மற்றக் கையில் ஏந்திக்கொண்டு. சின்னவள் என் கார்டிகனின் பின்பக்கத்தைப் பிடித்தபடி கூடவே ஓடி வந்தாள். தெருமுனையில் நின்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். பார்க்குக்குப் போனதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. எங்கள் வழக்கப்படி அம்மாவாணைச் சத்தியம். சத்தியத்தை மீறினால் அம்மா செத்துப்போவா என்றும் விளங்கப்படுத்தினேன். அவள் தன் தலையில் கை வைத்துச் சொன்னாள்.

நான் என் அம்மாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸிலேயே அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியம் எனக்கல்ல, அவளுக்குத்தானே.

ஆஸ்பத்திரியில், மரவாங்கில் என்னை நடுவில் வைத்துக்கொண்டு அம்மாவும் அப்பாவும் கதைத்தார்கள். அப்பா வேலைச் சட்டையோடு நேரே வந்திருந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை," என்றா அம்மா. "பொடியளோட சுழண்டு கை முறிச்சவள் எண்டு ஊருக்குக் கடிதம் போனா, நாளைக்கு ஆர் வந்து கேப்பினம்?"

அப்பாவின் கவலை வேறு. "பார்க் எண்டு சொன்னா அவங்கள் பதிவாங்கள். பதிஞ்சா கேள்வி வரும். ஏன் பிள்ளையைத் தனிய விட்டனீங்கள், எத்தினை வருசத்துக்கு வந்தனீங்கள், எப்ப போறீங்கள் எண்டு."

பிறகு அம்மாதான் வழி கண்டா.

"படியில விழுந்தவள் எண்டு சொல்லுவம். கீழ்வீட்டாள் மெழுகு பூசித்தானே வச்சிருக்கிறாள்."

ஒன்பது வயதுப் பிள்ளையின் கலியாணத்தைக் காப்பாற்ற ஒரு பொய், ஒரு புத்தகத்திலிருந்து தப்ப அதே பொய். அம்மாவுக்கு மாப்பிள்ளைப் பயம், அப்பாவுக்குப் பதிவுப் பயம். மருத்துவர் என் கையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னிடமும் கேட்டார். படி என்றேன். எழுதினார். எழுதியது எழுதியதுதான். என் மருத்துவக் கோப்பில் இன்றைக்கும் அது படிதான். கேட்டு எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த நாள் மாலை காவலாளி எங்கள் வாசலுக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, அந்த நீளப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யூனிபோர்ம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். நான் மேல்படியில் கிராதிக்குப் பின்னால், மாவுக்கட்டுக்கு மேல் அம்மாவின் சால்வை போர்த்தபடி இருந்தேன். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நேற்றுத் தொப்பியில் ஒரு சிறுமிக்கு அடிபட்டது, இந்தத் தெருப் பிள்ளை என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள், பெயரும் என்ன காயமென்பதும் வேண்டும். ரப்பர் வளையம் போட ஆளனுப்பச் சொல்லிக் கவுன்சில் ஒப்பீசுக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டாராம். புத்தகத்தில் ஒரு விபத்தாவது இருந்தால்தான் வருவார்களாம்.

அப்பா நல்ல ஆங்கிலத்தில், ஒரு வகுப்பறைக்குச் சொல்வதுபோல, சொன்னார்: "என் மகள் பார்க்குக்கு வருவதில்லை. உங்களுக்கு எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்."

அந்த மனிதர் காதுவரை சிவந்துபோனார். மன்னிக்கவேண்டும், சேர் என்றார். புத்தகத்தைத் திறக்கவேயில்லை.

அந்த வசனம் அப்பாவுக்குச் சும்மா கிடைத்ததல்ல. வேலைத்தலத்தில் ஒரு வருடமாக அவரை வேறொருவரின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சேர்த்து வைத்து, எங்கள்மேல் அக்கறைப்பட்டு வாசலுக்கு வந்த ஒரேயொரு வெள்ளைக்காரருக்குச் சொன்னார். இந்த நாட்டில் அப்பாவை முதன்முதல் சேர் என்று கூப்பிட்டவரும் அவர்தான். அதை அப்பா மேலே வந்து அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

நடைமுறை என்னவென்று சொல்கிறேன், அது எனக்கு மனப்பாடம். புத்தகத்தில் ஒரு பதிவு விழுந்தால் அதன் பிரதி ஒப்பீசுக்குப் போகும். போனால் அவர்கள் அறிந்தவர்கள் ஆகிறார்கள். அறிந்த பிறகு திருத்தாமல் விட்டால் பொறுப்பு அவர்களுடையது. அதனால் உடனே திருத்துவார்கள், அல்லது சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். பிள்ளைகளில் அன்பு வந்து செய்வதில்லை. காகிதத்துக்குப் பயந்து செய்வார்கள். அறியாதவரை அவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்பா அவர்களை அறியாதவர்களாகவே வைத்திருந்தார்.

மாவுக்கட்டோடு இருந்த ஆறு கிழமையும் வெளியாருக்கு நான் காய்ச்சல்காரி. ஊர்க்காரர் வந்தால் கழுத்துவரை கம்பளி போர்த்திக் கட்டிலில் போடுவார்கள். ஓகஸ்ட் மாதத்தில் வியர்த்து ஒழுகும். மாவுக்கட்டுக்குள் கடிக்கும். அம்மாவின் பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிவேன். ஊசி வெளியே வரும்போது புளித்த பால் மணக்கும்.

கீழ்வீட்டம்மாவுக்கு மட்டும் காய்ச்சல் கதை சொல்ல முடியவில்லை. ஒரே வீடு, கட்டைக் கண்டுவிட்டார். அவருக்குப் படிக் கதை போயிற்று. அன்றே அவர் வந்து என் கட்டில் அருகே நின்று, "நான்தாம்மா காரணம், நான்தான்" என்று தன் கன்னத்தில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா இல்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றா. அடுத்த நாள் பதின்மூன்று படிக்கும் சாக்கு வெட்டி ஆணி அடிக்கப்பட்டிருந்தது. மெழுகு மணம் நின்றுபோயிற்று. இறைச்சிக் கடையில் நாய்க்கென்று கொடுக்கும் எலும்பை வாங்கி வந்து, மிளகும் மல்லியும் போட்டு நாள் முழுக்க அவித்து, தினமும் ஒரு கோப்பை சூப் கொண்டுவருவார். எலும்பு ஒட்டும் என்பார். நான் குடித்தேன். நல்ல ருசி. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது.

சின்னவள் கதவடியில் நின்று நான் குடிப்பதைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சத்தியம்.

மூன்று கிழமை கழித்து அவள் தனியாகத் தொப்பிக்குப் போனாள். விளையாட நான் இல்லை. அதே பக்கம், அதே கம்பம். அவளுக்கு இடது முழங்கை. வளர்கிற எலும்பில் பட்ட அடி. காவலாளி அவளைத் தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இந்தமுறை புத்தகத்தில் எழுதினார். அடுத்த திங்கட்கிழமை தொப்பியைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பதிவு போதுமாக இருந்தது. அதற்கு என்னுடையதே போதுமாக இருந்திருக்கும்.

கீழ்வீட்டுக்காரர் ஒப்பீசுக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். தெருவில் இருந்த தமிழர் எல்லாருக்கும் ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுப்பவர் அப்பாதான். "அண்ணே, நீங்க பாத்து ஒரு நல்ல பதில் போட்டுக் குடுக்கணும்," என்றார். அப்பா வாசித்தார். அந்தச் சாமானில் இதற்கு முன் எந்த விபத்தும் பதிவாகவில்லை. பிள்ளை அதை உரிய முறையில் பாவிக்காததே காரணமாக இருக்கலாம்.

சின்னவள் தகப்பனோடு வந்திருந்தாள், கழுத்திலிருந்து கையைத் தாங்கும் தூளியோடு. நான் நீளக் கைச் சட்டையோடு மேசைக்கு அந்தப் பக்கம். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு சொல் போதும் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்பது வயதுக்கு அது நன்றாகவே தெரியும். அம்மா என்னைப் பார்த்தா. நான் சின்னவளின் சப்பாத்தைப் பார்த்தேன்.

அப்பா பதில் எழுதினார். அவர் எழுதியவற்றில் மிக அழகான கடிதம் அதுவாகத்தான் இருக்கும். தங்கள் மேலான கவனத்துக்கு நன்றி என்று தொடங்கி, தங்கள் பணிவுள்ள என்று முடிந்தது. அந்தச் சாமானைக் கடைசியாகச் சோதித்தது யார், ரப்பர் வளையம் எங்கே, காவலாளி இரண்டு தரம் சொன்னதற்கு என்ன செய்தீர்கள் என்ற ஒரு கேள்வியும் அதில் இல்லை. கீழ்வீட்டுக்காரர் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் படிப்பு முடிந்து குடும்பத்தோடு மலேசியாவுக்குத் திரும்பினார்.

நான் பிறகு என்ன செய்தேன் என்பதையும் எழுதவேண்டும். படித்தேன், கவுன்சிலுக்குப் போனேன், எண்ணற்ற தாய்மாருக்கு அதே வசனத்தை என் கையாலேயே எழுதினேன். எமது பதிவுகளின்படி இதற்கு முன் விபத்து எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அது உண்மைதான். பதிவாகாமல் எத்தனை கை அதற்குப் பின்னால் கிடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் கடமைப் பட்டியலில் இருக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் என் கையைக் கேட்கவில்லை. என் சம்பளத்தைக் கேட்டார்கள்.

போன சனிக்கிழமை சட்டன் பகுதி மண்டபமொன்றில், நம்மில் ஒருவரின் எழுபதாவது பிறந்தநாள். நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். இடது கை நீளவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க டூட்டிங்ல மாடி வீட்டு அக்காதானே?"

ஓம் என்றேன்.

"கை எப்படி இருக்கு? நல்லா ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிட்டுது. உன்ரை?"

"இது இப்படியேதான். பஸ்ல கம்பியப் புடிக்க அளவா வளைஞ்சிருக்கு." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கலியாணம் முடித்து முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறாளாம். தாயைக் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் மலேசியாவில் போய்விட்டார் என்றாள். பிறகு தட்டை மேசையில் வைத்தாள்.

"கடைசி வரைக்கும் அந்த மாடிப்படியத்தான் பேசிட்டு இருந்துச்சு. என் மெழுகாலதான் அந்தப் பிள்ள கை ஒடைஞ்சுச்சு, அந்தப் பாவத்துக்குத்தான் என் பிள்ள கை போச்சுன்னு. அப்புறம் எங்க வீட்டுல எங்கயுமே அம்மா மெழுகு போடல."

"நீ சொல்லேல்லையே?" என்றேன்.

"அம்மா மேல சத்தியம் பண்ணச் சொன்னீங்க. ஏழு வயசு. சொன்னா அம்மா செத்துடும்னு நெனைச்சேன். பெரியவளானதும் சொன்னேன். நம்பல. மனசு தேறச் சொல்றேன்னு நெனைச்சுச்சு. கடுதாசியில எங்கயும் இல்லையேன்னு கேட்டுச்சு."

நான் மன்னிப்பு என்று தொடங்கினேன். அவள் நல்ல கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாங்க்கா. எழுதிக் குடுங்க. நீங்க ஆபீஸ்ல எழுதுவீங்களாமே, அந்த மாதிரி. அம்மா படத்துக்குக் கீழ வைக்கணும்."

ஆகவே இது. குழுவில் போடுகிறேன், நீங்கள் எல்லாரும் சாட்சி. பிரதி ஒன்று அச்செடுத்து, கையெழுத்திட்டு, அவளுக்குத் தபாலில் போகிறது. இனி ஒருவர் அந்தப் படத்தைப் போட்டால் கட்டைவிரல் காட்டுமுன் இதை ஒருதரம் வாசியுங்கள்.

அடிபட்டவர்: நான், வயது ஒன்பது. இடம்: பார்க். சாமான்: சூனியக்காரியின் தொப்பி. காயம்: இடது முன்கை, இரண்டு எலும்பும். காரணம்: கம்பத்தில் ரப்பர் வளையம் இல்லை. கண்ட சாட்சி: கீழ்வீட்டுச் சின்னவள், வயது ஏழு. அன்று அறிவிக்காதவர்கள்: என் அப்பா, என் அம்மா, நான்.

வீட்டுப் படிக்கட்டு: பதின்மூன்று படி. அன்று காலையும் நான் அதில் ஓடித்தான் இறங்கினேன். வழுக்கவில்லை.